கடைசி முப்பது கஜம்

ஈச்சிலம்பற்றில் கோல்ஃப் திடல் இல்லை. வெருகல் பிரதேசம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. வயலும் குளமும் ஆறும் கடற்கரையும்தான். ஆனால் வடக்கே மூதூரையும் கிண்ணியாவையும் தாண்டிச் சீனக்குடாவுக்குப் போனால், விமானப்படைத் தளத்தை ஒட்டி, திருகோணமலைத் துறைமுகத்து நீரைப் பார்த்தபடி ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்க்ஸ் விரிந்து கிடக்கிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்து, ஏ-15 வீதியின் மற்றப் பாலங்களும் வந்தபின், படகுப்பாதைக்குக் காத்து நிற்கிற வேலையில்லை. பஸ் ஏறிப் போய் வரலாம். சுனாமியையும் 2006-07 இடப்பெயர்வையும் கண்ட ஊருக்கு இது என்ன விளையாட்டு என்று கேட்பவர் கேட்கலாம். புது மட்டை ஒன்றின் விலை இங்கே பலருக்கு ஒரு மாதச் சம்பளம். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் தெற்காசியாவில் இந்த ஆட்டத்தின் சரித்திரத்தைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். கிளப் உறுப்பினர்களின் பிள்ளைகளோடு சரிக்குச் சரியாக, வேலிக்கு வெளியே இருந்து வந்தவர்களும் பெயர் எடுத்திருக்கிறார்கள்: பை சுமந்தவர்கள், புல் வெட்டியவர்களின் மக்கள், பந்து பொறுக்கியவர்கள். அவர்களில் பலருடைய பலம் தூர அடியில் இருக்கவில்லை. குழிக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பகுதிக்குத்தான் ஆங்கிலத்தில் ஷார்ட் கேம் என்று பெயர். குறுந்தூர ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். கிரீன் என்கிற வழுவழுப்பான புல்தரையைச் சுற்றி, முப்பது கஜத்துக்கு உள்ளே ஆடுகிற அடிகள் அவை. தாழ உருட்டிவிடும் சிப், உயர எழுப்பி இறக்கும் பிட்ச், மணல்குழியிலிருந்து கிளப்பும் பங்கர் அடி, கடைசியில் கிரீன்மேல் பந்தைக் குழிக்கு உருட்டும் பட். இதை ஒருவர் காசு கொடுத்துப் பாடம் கேட்டு வளர்த்துக்கொள்வதா, தானே பழகி வளர்த்துக்கொள்வதா என்பது கோல்ஃப் ஆடுகிறவர்கள் எங்கு கூடினாலும் எழும் வாதம். அதைப் பற்றி இதுவரை தெரியவந்தவற்றை ஓரிடத்தில் வைத்துப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

முதலில் ஒரு கணக்கைத் தீர்க்க வேண்டும்: இந்தக் குறுந்தூர ஆட்டம் உண்மையில் எவ்வளவு முக்கியம்? நாசாவில் ஆய்வாளராக இருந்து கோல்ஃப் பயிற்றுநராக மாறிய டேவ் பெல்ஸ், ஆட்டக்காரர்களின் பின்னாலேயே நடந்து ஒவ்வொரு அடியையும் குறித்தவர். 1999இல் வெளிவந்த அவருடைய புத்தகம் உலகெங்கும் பயிற்றுநர்களின் கைநூலானது. ஆட்டத்தின் அடிகளில் 60 முதல் 65 சதவீதம் குழியிலிருந்து 100 கஜத்துக்குள்ளேயே விழுகின்றன, ஆகவே பழகும் நேரத்தையும் அங்கேயே செலவழியுங்கள் என்பது அவருடைய வாதம். கேட்க மறுக்க முடியாததுபோல இருக்கும். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வணிகப் பேராசிரியர் மார்க் பிராடி வந்தார். அமெரிக்கத் தொழில்முறைச் சுற்று லேசர் கருவிகளால் பதிவுசெய்து வைத்திருந்த லட்சக்கணக்கான அடிகளை எடுத்துக்கொண்டு, வேறு விதமாகக் கேட்டார்: எத்தனை அடி ஆடினோம் என்பதை விடுங்கள், நல்ல ஆட்டக்காரர் மற்றவரைவிட எங்கே அடிகளை மிச்சம் பிடிக்கிறார்? 2014இல் வந்த அவருடைய நூலின் விடை பலருக்குக் கசந்தது. வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 100 கஜத்துக்கு வெளியேதான் உண்டாகிறது. உச்ச ஆட்டக்காரர்களை மட்டும் எடுத்தால், கிரீனை நோக்கி அடிக்கும் அடி 40 சதவீதம், முதல் அடி 28, 100 கஜத்துக்குள் ஆடும் குறுந்தூர அடிகள் 17, பட்டிங் 15.

பெல்ஸின் எண்ணிக்கை பொய்யல்ல. ஆனால் எண்ணிக்கை வேறு, இழப்பு வேறு. ஓர் அடித் தூரத்துப் பந்தைத் தட்டி உள்ளே விடுவதும் கணக்கில் ஓர் அடிதான். அதில் யாரும் யாரையும் வெல்வதில்லை. இந்த வாதத்தில் நான் பிராடியின் பக்கம். குறுந்தூர ஆட்டமே எல்லாம் என்று சொல்லிப் பாடம் விற்பவரை நம்ப வேண்டியதில்லை.

இருந்தும் மூன்றில் ஒரு பங்கு என்பது அற்பம் அல்ல. அதிலும் அது உடல்வாகு பார்க்காத பங்கு. 1938இல் அமெரிக்காவின் பி.ஜி.ஏ. இறுதிப் போட்டியில், குள்ளமான, தூரம் அடிக்கத் தெரியாத பால் ரன்யான், அந்தக் காலத்தின் பெரிய தூர அடிக்காரரான சாம் ஸ்னீடை எதிர்கொண்டார். ஸ்னீடின் பந்து ரன்யானுடைய பந்தைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. 36 குழி ஆட்டத்தில் ஏழு குழிகள் மிச்சமிருக்கையிலேயே ரன்யான் எட்டுக் குழி முன்னிலையில் ஆட்டத்தை முடித்துவிட்டார். 2011இல் உலகின் முதலிடத்தைப் பிடித்த லூக் டொனால்டும் தூர அடிக்காரர் அல்லர். தூர அடிக்கு வயது வேண்டும், உயரம் வேண்டும், இருநூறு முந்நூறு கஜ வெளி வேண்டும். குறுந்தூர ஆட்டத்துக்கு ஒரு மட்டை, சில பழைய பந்து, ஒரு வளவு போதும். திடல் கைக்கெட்டாத ஊரில் இருப்பவனுக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

அப்படியானால் எதை இலக்காக வைப்பது? தொழில்முறை ஆட்டக்காரர்களையே பார்ப்போம். இருபது கஜத்தில், நல்ல புல்லில் கிடக்கும் பந்தை அவர்கள் குழியில் போட்டு முடிக்கச் சராசரியாக 2.40 அடி எடுக்கிறார்கள். நீண்ட புல்லிலிருந்து 2.59. மணலிலிருந்து 2.53. அதாவது நல்ல புல்லிலிருந்தும் உலகின் மிகச் சிறந்தவர்களே பத்துக்கு நாலு தடவை இரண்டு அடியில் முடிக்கத் தவறுகிறார்கள். பட்டிங்கும் அப்படித்தான்: எட்டு அடித் தூரத்திலிருந்து அவர்கள் போடுவது பாதிக்குப் பாதி, இருபது அடியிலிருந்து நூற்றுக்குப் பதினைந்து. ஒரு சுற்றை 90 அடியில் முடிக்கும் சாதாரண ஆட்டக்காரருக்குப் பாதிக்குப் பாதி என்பது ஐந்து அடித் தூரத்திலேயே வந்துவிடுகிறது. தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, ஒவ்வொரு சிப்பும் குழியை முத்தமிட வேண்டும் என்று நினைப்பவர் இந்த எண்களைப் படித்தால் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கலாம்.

சாதாரண ஆட்டக்காரர் இழப்பது அந்த அழகான அடியில் அல்ல. பந்துக்குப் பின்னால் மண்ணை வெட்டி, பந்து மூன்று கஜம் உருண்டு நிற்பதிலும், பந்தின் நடுவயிற்றில் மட்டையின் விளிம்பு பட்டு, அது கிரீனைக் கடந்து மறுபக்கப் புதரில் போய் விழுவதிலுமே இழக்கிறார். இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம். மட்டை தரையைத் தொடுமிடம் நிலையாக இல்லை. பாடம் உண்மையிலேயே காசுக்குப் பெறுமதியாவது இந்த இடத்தில்தான்.

புதிதாக ஆடுகிற எவரும் பந்தை மேலே தூக்கப் பார்ப்பார். பாரம் பின்காலுக்குப் போகும். கடைசி நேரத்தில் மணிக்கட்டு முன்னே புரளும். மட்டை தாழ்ந்த புள்ளியைப் பந்துக்குப் பின்னாலேயே எட்டிவிடும். அடிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. தான் கீழ்நோக்கி அடித்ததாகச் சத்தியம் செய்வார். பக்கத்தில் நிற்கும் நல்ல ஆசிரியருக்கு நாலு அடியில் தெரிந்துவிடும். பாரம் கொஞ்சம் முன்காலில், மட்டையின் கைப்பிடி பந்துக்குச் சற்று முன்னால், நெஞ்சு நிற்காமல் திரும்பிக்கொண்டே இருக்கட்டும் என்று அவர் நிறுத்திவைப்பார். பத்து வருடம் தனியாகப் பழகியும் தீராதது அரைமணி நேரத்தில் பாதி தீரும். தனியே பழகியவர் அந்தப் பத்து வருடமும் பழகியது பிழையைத்தானே.

இரண்டாவது, மட்டையைப் பற்றிய அறிவு. மணலுக்கென்று செய்த சாண்ட் வெட்ஜின் அடிப்பாகம் தட்டையாக இராது. பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்து, வயிறு வைத்ததுபோல இருக்கும். பவுன்ஸ் என்பது அதுதான். இதை இன்றைய வடிவத்தில் பிரபலமாக்கியவர் ஜீன் சரசன். விமானம் ஒன்றில் போகையில், வால் இறங்க மூக்கு எழுவதைக் கண்டு தனக்கு இந்த யோசனை வந்ததாக அவரே சொல்லிவந்தார். மட்டையின் பின்னால் ஈயத்தை உருக்கி ஊற்றி ஊற்றிச் செய்து பார்த்தார். 1932இல் இங்கிலாந்தின் பிரின்ஸஸ் திடலில் அந்த மட்டையோடு போய் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றார். அந்த வயிறு செய்யும் வேலை, கரையில் தள்ளிவிட்ட தோணியின் அடிப்பாகம் மணலில் புதையாமல் சறுக்கிப்போகிற அதே வேலை. கூர்விளிம்பு மண்ணைக் குத்தாது. வயிறு வழுக்கிக்கொண்டு போகும். அதனால் பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலை அடித்தாலும், மட்டை அமிழாமல் பந்துக்கு அடியில் புகுந்து வெளியேறுகிறது. பந்தை மட்டை தொடுவதே இல்லை, மணல்தான் அதைத் தூக்கி வெளியே போடுகிறது. இதை ஒருவர் செய்து காட்டிப் பார்க்கும்வரை நம்புவது கஷ்டம். புத்தகத்தில் படித்துவிட்டுப் போய்ப் பந்தையே அடிப்பவர்கள்தான் அதிகம்.

மணல் எல்லாம் ஒன்றல்ல என்பதும் பாடத்தின் பகுதி. காய்ந்து பொலபொலவென்று கிடக்கும் மணலில் மட்டையின் முகத்தைத் திறந்து, வயிற்றை முழுக்கப் பயன்படுத்த வேண்டும். ஈரமாகி இறுகிய மணலில் அதே வயிறு தரையில் பட்டு எகிறி, விளிம்பைப் பந்தின் நடுவில் கொண்டுபோய் மோதவைக்கும். அங்கே முகத்தை நேராக்கி, குறைந்த பவுன்ஸோடு ஆட வேண்டும். நம் கிழக்குக் கரையில் இந்த இரண்டு மணலும் பத்து எட்டு இடைவெளியில் கிடக்கின்றன. மேலே தென்னைப் பக்கம் உலர்ந்த மணல், அலை வந்து போகும் இடத்தில் இறுகிய மணல். இப்படி ஒரு பயிற்சிக்கூடத்தை எந்தக் கிளப்பும் கட்டித் தராது.

கடற்கரையில் கோல்ஃப் பழகுவது புதுமையும் அல்ல. ஸ்பெயினின் பெட்ரேன்யா என்ற ஊரில், ஏழைக் குடும்பத்துப் பிள்ளையான செவே பாலெஸ்தெரோஸ் ஒரேயொரு 3-அயர்ன் மட்டையை வைத்துக்கொண்டு கடற்கரையில் ஆடித்தான் கற்றார். 3-அயர்ன் தூரத்துக்கான மட்டை. முகம் கிட்டத்தட்ட நிமிர்ந்திருக்கும். அதைக்கொண்டு மணலிலிருந்து பந்தை உயரக் கிளப்ப வேண்டுமானால், முகத்தைத் திறந்து, கையைத் தாழ்த்தி, வேகத்தை மாற்றி எல்லாவற்றையும் தானே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தார். ஓப்பன் பட்டத்தை மூன்று முறை, மாஸ்டர்ஸை இரண்டு முறை வென்ற அவருடைய கைவேலையைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள்.

நம் பக்கத்திலும் சாட்சிகள் உண்டு. கொல்கத்தாவின் எஸ்.எஸ்.பி. சௌராசியா, 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரை பராமரித்தவரின் மகன். 2008இல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸை வென்றார். 2016இலும் 2017இலும் இந்தியன் ஓப்பனை வென்றார். சிப்பிலும் பட்டிலும் காட்டிய கெட்டித்தனத்தால் அவருடைய பெயரையே திரித்து ‘சிப்பட்சியா’ என்று கூப்பிட்டார்கள். டெல்லியில் கேடியாக, அதாவது பை சுமப்பவராக, இருந்த அலி ஷேர் 1991இல் அதே இந்தியன் ஓப்பனை வென்றார். 2009இல் வென்ற பெங்களூரின் முனியப்பாவும் பை சுமந்தவர். டாக்காவில் பந்து பொறுக்கிய சித்திகுர் ரஹ்மான் 2010இல் புருணை ஓப்பனை வென்றார். இலங்கையில் அனுர ரோகண 2002இல் பூசான் ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ஆடிப் பட்டமும் வென்றிருக்கும் தங்கராஜா தமிழர். இலங்கையின் முன்னணி ஆட்டக்காரரான பிரபாகரனும் அப்படியே. இலங்கைத் தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலர் கேடி வேலையிலிருந்து வந்தவர்கள்.

இதை வைத்துக்கொண்டு, பாடமே வேண்டாம், பார்த்துப் பழகினால் போதும் என்று முடிவுகட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது அவசர முடிவு. வென்ற கேடியின் பெயர் நமக்குத் தெரியும். அதே வருடம் அதே பையைச் சுமந்து, அதே மாதிரி பழகி, எங்கும் போகாமல் நின்றுவிட்ட நூற்றுக்கணக்கானவர்களின் பெயர் தெரியாது. மேலும் கேடிக்குப் பாடம் கிடைக்கவில்லை என்பதே சரியல்ல. நாள் முழுக்க நல்லவரும் கெட்டவரும் ஆடுவதைப் பத்தடித் தூரத்தில் நின்று பார்க்கிறார். எந்த இடத்தில் விழுந்த பந்து எவ்வளவு ஓடும், எந்தப் பக்கம் தவறவிட்டால் பிழைக்கலாம், எந்தப் பக்கம் விட்டால் தொலைந்தோம் என்பதெல்லாம் தலையில் ஏறிவிடுகிறது. மட்டை அவர் கைக்கு வரும்போது, எந்த அடியை ஆடுவது என்ற தேர்வு முன்னமே கற்றாகிவிட்டது. காசு கட்டிப் படிக்கும் பலருக்கு வாய்க்காதது இந்தப் பகுதிதான்.

பழக்கத்துக்கு வருவோம். பழகினால் ஆகாதது ஒன்றுமில்லை என்ற நம்பிக்கைக்கு ஒரு பரிசோதனையே நடந்தது. அமெரிக்காவின் போர்ட்லண்டில் புகைப்படக்காரராக இருந்த டான் மெக்லாக்லின் 2010இல் வேலையை விட்டுவிட்டு, கோல்ஃப் ஆடியே பழக்கமில்லாதவர், பத்தாயிரம் மணி நேரம் முறையாகப் பழகித் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிறேன் என்று இறங்கினார். பயிற்றுநரின் சொல்படி குழியின் விளிம்பிலிருந்து ஆரம்பித்தார். பல மாதம் அவர் கையில் பட்டர் மட்டை மட்டுமே. குழியிலிருந்து பின்னோக்கி, பட், சிப், பிட்ச் என்று கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார். ஏறத்தாழ ஆறாயிரம் மணி நேரத்தில் ஹேண்டிகேப் (குறையக் குறைய நல்லது) 2.6 வரை இறங்கினார். கோல்ஃப் ஆடுகிறவர்களில் மிகச் சிலரே எட்டும் நிலை அது. பிறகு முதுகு ஒத்துழைக்கவில்லை. 2015இல் நிறுத்த வேண்டியதாயிற்று. இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. குறுந்தூர ஆட்டத்தின் கண்ணோடு பார்த்தால் அது தோல்வியே அல்ல. ஆனால் தொழில்முறைக்குப் போகப் பழக்கம் மட்டும் போதுமா என்பதற்கு, 2014இல் மக்னமாரா முதலியோர் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன எண் ஒன்று இருக்கிறது: விளையாட்டுகளில் திறமை வித்தியாசத்தின் 18 சதவீதத்தையே முறையான பயிற்சி விளக்குகிறது. மிச்சத்துக்கு உடல், வயது, தொடங்கிய காலம், அதிர்ஷ்டம் என்று எத்தனையோ.

எவ்வளவு நேரம் என்பதைவிட எப்படி என்பதில்தான் ஆய்வுகள் தெளிவாகப் பேசுகின்றன. 1979இல் ஷேயும் மோர்கனும் கையசைவுப் பணிகளை வைத்துச் செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பழகும்போது நன்றாகச் செய்தார்கள். கலந்து கலந்து செய்தவர்கள் தடுமாறினார்கள். பிறகு சோதித்தபோது நிலைமை தலைகீழானது. கலந்து செய்தவர்களிடமே கற்றது நிலைத்திருந்தது. பயிற்சித் திடலில் ஒரே இடத்தில் நின்று ஐம்பது சிப் ஆடி, கடைசிப் பத்தும் குழியை ஒட்டி நின்றதும் மகிழ்ந்து வீட்டுக்குப் போகிறவர் ஏமாறுவது இதனால்தான். திடலில் அவருக்கு அந்த அடி ஒரே ஒரு தடவைதான் வரும்; அதுவும் வேறு புல்லில், வேறு சரிவில். ஆனால் முழுப் புதியவரை முதல் நாளே கலவையில் தள்ளுவதும் சரியில்லை. 2010இல் போர்ட்டரும் மகிலும் பட்டிங்கில் செய்த ஆய்வில், முதலில் ஒரே தூரம், பிறகு சிறு மாற்றம், கடைசியில் முழுக் கலவை என்று படிப்படியாகப் போனவர்களே முந்தினார்கள்.

கவனத்தை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு முடிவு உண்டு. காப்ரியேலே வுல்ஃபும் சகாக்களும் 1999இல் புதியவர்களுக்குப் பிட்ச் அடியைக் கற்பித்தார்கள். ஒரு கூட்டத்தை உங்கள் கை எப்படி அசைகிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். மற்றதை மட்டை எப்படி ஆடுகிறது என்று. மட்டையைக் கவனித்தவர்களின் பந்தே இலக்குக்குக் கிட்ட விழுந்தது, அன்றைக்கும் மறுநாளும். ‘முழங்கையை ஒட்டி வை, மணிக்கட்டைப் பூட்டு’ என்று உடம்பின் உறுப்புகளைப் பட்டியல் போடும் ஆசிரியரைவிட, ‘பந்தை அந்தக் காய்ந்த புல்திட்டில் இறக்கு’ என்று சொல்பவர் புத்திசாலி.

சொற்கள் கூடினால் என்ன ஆகும் என்பதை ரிச் மாஸ்டர்ஸ் 1992இல் காட்டினார். ஒரு கூட்டத்துக்குப் பட்டிங்கை விதிகளோடு கற்பித்தார். இன்னொரு கூட்டத்தை, பட் ஆடும்போதே எழுத்துகளைத் தாறுமாறாகச் சொல்லிக்கொண்டிருக்க வைத்து, விதி எதுவும் மனதில் பதியாமல் பழகவிட்டார். பிறகு காசும் மதிப்பீடும் வைத்துப் பதற்றம் ஏற்றினார். விதி படித்தவர்கள் தேங்கினார்கள்; படிக்காதவர்கள் தொடர்ந்து முன்னேறினார்கள். விதி தெரிந்தவர் பதற்றத்தில் அந்த விதியை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்குகிறார். அதோடு கை கட்டிப்போகிறது. அவரும் சகாக்களும் 2001இல் இன்னொன்றும் கண்டார்கள்: குழிக்கு மிக அருகே, தவறவே முடியாத தூரத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே போனால், பிழைகள் குறைவாகவே நடக்கும், பிழை குறைந்தால் அதைத் திருத்த விதி தேடவும் வேண்டியதில்லை. டான் மெக்லாக்லினைக் குழியின் விளிம்பில் நிறுத்திய பயிற்றுநர் போன வழியும் இதற்குத் தூரமில்லை.

பெரியவர்களும் தப்பவில்லை. 2015 தொடக்கத்தில் டைகர் வுட்ஸ் ஃபீனிக்ஸ் ஓப்பனில் 82 அடி ஆடினார். தொழில்முறையில் அதுவரை அவருடைய மிக மோசமான சுற்று. சிப் ஆடவே கை வரவில்லை. பந்துக்குப் பின்னால் மண்ணை வெட்டினார், மேலே தட்டினார். பழக்கம் குறைவென்று யாரும் சொல்ல முடியாத மனிதர். பழைய வீச்சுக்கும் புதிய வீச்சுக்கும் நடுவில் சிக்கியிருப்பதாக அவரே சொன்னார். சில வாரம் ஒதுங்கியிருந்து, ஏப்ரலில் மாஸ்டர்ஸுக்குத் திரும்பியபோது கை சரியாகியிருந்தது. ஆசிரியரை மாற்றுவதும் வீச்சை மாற்றுவதும் பாடம்தான். அதற்கும் விலை உண்டு.

இவற்றையெல்லாம் ஈச்சிலம்பற்றுப் பொடியன் ஒருவனுக்குப் பொருத்திப் பார்க்கலாம். கையில் யாரோ தந்த பழைய வெட்ஜ் ஒன்று, பந்து பத்துப் பன்னிரண்டு. கரைவலை இழுக்கிற நேரமும் இடமும் தவிர்த்து, ஆளில்லாத கரையில் கால்விரலால் கடலை நோக்கி ஒரு கோடு கீறுகிறான். பந்து வைக்காமலே, கோட்டின் இரண்டு பக்கமும் கால் வைத்து நின்று, கோட்டைத் தாண்டியவுடன் மணலைத் தொடும்படி மட்டையை வீசுகிறான். ஒவ்வொரு வீச்சுக்கும் ஓர் எட்டு நகர்ந்தால், கோட்டின் நீளத்துக்கு வெட்டுகள் வரிசையாக விழும். கோட்டுக்கு வலப்பக்கம் விழுந்தவை எத்தனை, இடப்பக்கம் எத்தனை என்று எண்ணினாலே மட்டை எங்கே தரையைத் தொடுகிறது என்பது தெரிந்துவிடும். வலக்கையனுக்கு வெட்டு கோட்டிலோ இடப்பக்கமோ தொடங்க வேண்டும். மணல் பொய் சொல்லாது. காணொளிக் கருவியும் வேண்டாம். ஒவ்வோர் அடிக்கும் விளைவைச் சொல்லிக்கொண்டே இருந்தால் கற்றது நிலைக்காது, பாதி அடிக்குச் சொன்னால் போதும் என்று வின்ஸ்டைனும் ஷ்மிட்டும் 1990இல் கண்டதை வைத்து, ஐந்து வீச்சு வீசிவிட்டுப் பிறகு திரும்பிப் பார்ப்பது இன்னும் நல்லது.

பந்து எங்கே இறங்கி எவ்வளவு ஓடும் என்பதற்கு மட்டைகூட வேண்டாம். பள்ளிக்கூட மைதானத்தில் ஓரிடத்தைக் குறித்து, பந்தைக் கையால் தாழ எறிந்தும் உயர எறிந்தும் பார்த்தால், தாழப் போனது ஓடும், உயரப் போனது நிற்கும் என்பது கைக்குப் புரியும். பட்டிங்குக்குச் சீமெந்துத் தரை போதும். புல்லின் வேகம் அதில் கிடைக்காது. ஆனால் இரண்டு நாணயத்துக்கு நடுவே பந்தை விடும் நேர்மை கிடைக்கும்.

காலநிலையை எந்தப் புத்தகமும் நமக்காக எழுதவில்லை. கச்சான் வீசும் மாதங்களில் தரை இறுகி, புல் மெலிந்து கிடக்கும். அப்போது வெட்ஜால் உயர எழுப்புவது வீண் துணிச்சல். 8-அயர்னோ 7-அயர்னோ எடுத்து, பட் ஆடுவதுபோலத் தாழத் தள்ளி உருட்டிவிட வேண்டும். மாரியில் அதே இடம் நனைந்து, பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும். அப்போது காற்றில் கொண்டுபோக வேண்டும். வெப்பநாட்டுத் திடல்களில் பரவலான பெர்முடா வகைப் புல்லுக்குச் சாய்வும் உண்டு. கிரீன் பளபளவென்று தெரிந்தால் புல் நம்மை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும்; மங்கலாகத் தெரிந்தால் நம்மை நோக்கி, பந்து தயங்கும். குழியின் விளிம்பில் எந்தப் பக்கம் புல் பிய்ந்து கருகியிருக்கிறதோ, அந்தப் பக்கமாகப் புல் வளர்கிறது. வெளியூர் ஆசிரியர் ஒருவர் இதைச் சொல்லாமல் விடலாம். அங்கே வேலை செய்யும் கேடி விடமாட்டார்.

ஆக, பாடம் எத்தனை, எப்போது? வாராவாரம் போய் வாராவாரம் ஒரு புது அறிவுரையோடு திரும்புவது காசுக்கும் நட்டம், கைக்கும் நட்டம். முதல் பாடம் மட்டை தரையைத் தொடுவதற்கு மட்டும். பவுன்ஸையும் செய்து காட்டிவிட்டால் மேலதிகம். அதற்குப் பிறகு ஒரு மாதமாவது கடற்கரையும் மைதானமும். அந்த மாதத்தில் ஒரு கொப்பியில் கணக்கு எழுத வேண்டும்: மூன்று வெவ்வேறு இடத்திலிருந்து மாற்றி மாற்றி ஆடிய பந்துகளில் எத்தனை ஒரு மட்டை நீளத்துக்குள் நின்றன, எத்தனை மண்ணை வெட்டின. இரண்டாவது பாடத்துக்கு அந்தக் கொப்பியோடு போனால், ஆசிரியர் ஊகிக்க வேண்டியதில்லை. நோய் அதிலேயே எழுதியிருக்கும். ஒரு பாடத்தில் மூன்று திருத்தத்துக்கு மேல் சொல்பவரை விட்டு விலகுவது நல்லது. அந்தப் படிப்பு பயிற்சியில் நிற்கும், போட்டியில் நிற்காது.

மூன்றாவது பாடம் பயிற்சித் தரையில் நடக்கக் கூடாது. அதை ஆசிரியரோடு திடலுக்குள் நடந்தபடி, பந்து தானாகப் போய் விழுந்த இடங்களிலிருந்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு பந்து ஆடிக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கச் சீனக்குடா வரை போகத்தான் வேண்டும். வேலிக்கு உள்ளே விட யாராவது ஒருவர் இசையவும் வேண்டும்.